பழைய பத்திரப் பதிவேடு பொடிந்துபோனால்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பத்திர எழுத்து வேலையில் இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடவும் நகல் மனு எழுதவும் வருகிறவர்கள் கேட்பதில் பாதி, பழைய பதிவேடுகளைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஆபீஸ்ல புத்தகம் நைஞ்சு போச்சாம்ண்ணே. அப்ப எங்க பத்திரம் செல்லாதா?"

செல்லும். அரசு அலுவலகத்தில் இருப்பது அசல், நம் கையில் இருப்பது ஏதோ காகிதம் என்று பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்ட அசல் பத்திரம் பதிவு முடிந்ததும் உங்களிடம் திரும்பி வந்துவிட்டது. அலுவலகத்தில் 1 புத்தகம் என்று சொல்கிறார்களே, அதில் இருப்பது அந்தப் பத்திரத்தைப் பார்த்து எழுதிய நகல். பழைய பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இன்ன வருடம், இன்ன எண், 1 புத்தகம், இன்ன தொகுதி, இத்தனை முதல் இத்தனை வரை பக்கங்கள் என்று எழுதி, சீல் வைத்து, சார்பதிவாளர் கையெழுத்திட்டிருப்பார். அந்த வரிதான் உங்கள் பத்திரத்துக்கும் அவர்கள் புத்தகத்துக்கும் உள்ள கயிறு. புத்தகம் போனாலும் அந்த வரி போகாது.

ஆனால் அசலைத் தொலைத்தவருக்குப் புத்தகம்தான் கதி. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது அந்தக் கட்சியாக இருப்பீர்கள்.

புத்தகம் ஏன் பொடிகிறது? கறையானா?

கறையான் உண்டு, இராமபாணப் பூச்சி உண்டு, மழைக்கு ஒழுகும் மெட்ராஸ் டெரஸ் கட்டடமும் உண்டு. ஆனால் பெரிய எதிரி மை. அந்தக் கால நீலக்கருப்பு மையில் இரும்பு உப்பும் அமிலமும் கலந்திருக்கும். எழுதும்போது அழுத்தமாக, அழகாக இருக்கும். எழுபது எண்பது வருடத்தில் அது தான் உட்கார்ந்த காகிதத்தையே தின்றுவிடும்.

ஒரு முறை மூலப் பத்திரத்தின் நகலுக்காக ஒரு அலுவலகத்தில் பழைய தொகுதியை எனக்கு முன்னால் விரித்தார்கள். பக்கம் பழுப்பு நிறம். ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி உதிர்கிறது. ஊழியர் ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னல் பக்கம் தூக்கினார். "கிரயம்" என்று எழுதியிருந்த இடத்தில் எழுத்து இல்லை. எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை இருந்தது, அதன் வழியாக வெளிச்சம் வந்தது. அவர் அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அந்த ஓட்டைகளை வாசித்துத்தான் எனக்குச் சொன்னார். இன்னொரு தரம் யாராவது அதைப் புரட்டினால் அதுவும் இருக்காது.

அப்படிப்பட்ட பக்கத்துக்கு மாற்றாக வேறு பக்கம் வைக்கச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. பதிவுச் சட்டம் 1908-ல் 51-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு இதற்காகவே 1948-ல் சேர்க்கப்பட்டது. ஒரு பதிவேடு அழியும் நிலையிலோ, முழுதாகவோ பகுதியாகவோ படிக்க முடியாமல் போகும் நிலையிலோ இருக்கிறது என்று பதிவாளர் கருதினால், அதை மறுபடி நகலெடுத்து, விதிப்படி சான்றளிக்க எழுத்து மூலம் உத்தரவிடலாம். அப்படி எடுத்துச் சான்றளித்த பிரதி எல்லாக் காரியத்துக்கும் மூலப் புத்தகத்தின் இடத்தையே பிடித்துக்கொள்ளும். சாட்சியச் சட்டத்துக்கும் அப்படியே.

இங்கே பதிவாளர் என்றால் மாவட்டப் பதிவாளர். மதுரையில் மதுரை வடக்கு, மதுரை தெற்கு என்று இரண்டு பதிவு மாவட்டங்கள் இருக்கின்றன. உங்கள் சார்பதிவாளர் எந்த மாவட்டத்தில் வருகிறாரோ, அந்த மாவட்டப் பதிவாளரின் உத்தரவு வேண்டும். சார்பதிவாளர் தானாக ஒரு நோட்டு வாங்கிப் பார்த்து எழுதி வைத்துவிட முடியாது. அப்படி எழுதினால் அது நோட்டுதான், பதிவேடு ஆகாது.

சரி, நகலுக்கு நகல்தானே. அதை எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. ஆனால் முதலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள், புத்தகமே நகல்தான். பதிவு அலுவலகம் நடப்பதே நகலின் மேல்தான். அங்கே காகிதத்தின் வயதுக்கு மதிப்பு கிடையாது. யார் எழுதினார், யார் வாசிக்க யார் ஒப்புப் பார்த்தார், யார் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் மதிப்பு. ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், இன்னொருவர் பிரதியில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். அடித்தல் திருத்தல், இடைச்செருகல் எல்லாம் எத்தனை என்று கீழே குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறிப்பும் சுருக்கொப்பமும் ஒழுங்காக இருந்தால், எழுபது வருடப் பழைய மோசமான பக்கத்தைவிட அந்தப் புதுப் பக்கத்தையே நான் நம்புவேன். அவை இல்லாத நகல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

மறு நகலில் பிழை வருமா?

வரும். எங்கெங்கே வரும் என்று சொல்கிறேன், வாங்கியதும் அந்த இடங்களைப் பாருங்கள்.

முதலில் தமிழ் எண்கள். மிகப் பழைய பத்திரங்களில் எண்கள் தமிழில் இருக்கும். ௮ என்பது எட்டு. ஆனால் பார்க்க "அ" மாதிரி இருக்கும். ௧௨௮ என்று இருந்ததை 12-அ என்று ஒரு நகலில் பார்த்திருக்கிறேன். சர்வே எண் 128, உட்பிரிவு அ-வோடு கூடிய 12 ஆகிவிட்டது. இடம் ஊருக்கு மேற்கே, நகல் காட்டியதோ கண்மாய்க்கரை. ௧ பார்க்க "க", ௨ பார்க்க "உ", ௭ பார்க்க "எ" என்பதையும் நினைவில் வையுங்கள். உட்பிரிவுக்கு எழுத்தையும் எண்ணையும் கலந்து போட்டிருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும்.

அடுத்தது, நம்மூருக்கே உரிய வம்பு. கீழ மாசி வீதி, மேல மாசி வீதி. கீழ ஆவணி மூல வீதி, மேல ஆவணி மூல வீதி. ஒரே ஒரு சொல் மாறினால் வீடு கோயிலின் அந்தப் பக்கம் போய்விடும். கிராமத்துப் பத்திரத்திலும் நான்குமாலில், அதாவது நாலு பக்க எல்லையில், கிழக்கும் மேற்கும் இடம் மாறுவது சகஜம். இன்னார் இடத்துக்குக் கிழக்கு என்று எழுதியிருந்தால் பக்கத்து ஆள் மேற்கே இருக்கிறார் என்று அர்த்தம். வாசிப்பவர் அசந்தால் எழுதுபவர் அதை "சரி செய்து" விடுவார்.

பிறகு பெயர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற நாடு இது. தகப்பனார் பெயர் விட்டுப்போனால் சொத்தே விட்டுப்போன மாதிரி.

பிழை இருந்தால் என்ன செய்வது? அசல் உங்களிடம் இருந்தால் அதையும் நகலையும் சேர்த்து வைத்து, நகலெடுத்ததில் நேர்ந்த பிழை என்று மனு கொடுக்கலாம். அசலிலேயே பிழை என்றால் அது வேறு கதை. எழுதிக் கொடுத்தவரோ வாரிசுகளோ வந்து பிழைதிருத்தல் பத்திரம் எழுதித்தர வேண்டும்.

ஸ்கேன் செய்துவிட்டார்களே, இனிப் புத்தகம் எதற்கு?

தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்களில் ஸ்டார் என்ற பெயரில் கணினிமயம் 2000-ல் தொடங்கியது, 2018-ல் ஸ்டார் 2.0 வந்தது. 2001-ல் பதிவுச் சட்டத்தில் 16ஏ பிரிவையும் சேர்த்துவிட்டார்கள். பதிவேடுகளை மின்னணு வடிவிலும் வைக்கலாம், அதிலிருந்து பதிவு அலுவலர் கையெழுத்திட்டு முத்திரையோடு தரும் நகல், புத்தகத்திலிருந்து தரும் நகலுக்குச் சமம். ஆகவே கணினியிலிருந்து எடுத்தது என்பதற்காக எந்தக் குறையும் இல்லை.

ஆனால் "வடிவிலும்" என்ற அந்த உம்மையைக் கவனியுங்கள். ஸ்கேனில் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. தடித்த தொகுதியைக் கண்ணாடியில் கவிழ்த்துப் படம் எடுத்தால் தையல் ஓரத்தில் இருக்கும் எழுத்துகள் வளைந்து இருட்டில் போய்விடும். நகல் வாங்கும்போது ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு எழுத்தும் இல்லாமல் வந்தால் அதுதான் காரணம். புத்தகத்தைப் பார்த்து மறுபடி தரச் சொல்லி அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு கேட்டால் இன்னொரு மனு, இன்னொரு கட்டணம்.

"ஆவணம் சிதிலமடைந்துள்ளது, நகல் வழங்க இயலாது" என்று பதில் வந்துவிட்டது. இனி?

முதல் காரியம், அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "இன்ன தொகுதி, இன்ன பக்கத்தின் தற்போதைய நிலை என்ன, 51(5)-ன் கீழ் மறு நகல் உத்தரவு ஏதும் உண்டா" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நீட்டி முழக்கிப் பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் "பொருந்தாது" என்று வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாவது, முழுப் பத்திரம் கிடைக்காவிட்டாலும் அட்டவணை கிடைக்கலாம். 1 புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர் வரிசையில், மற்றது சொத்து வரிசையில். இவை தனித் தொகுதிகள், அதனால் பத்திரப் பக்கம் போனாலும் இவை தப்பித்திருக்கும். விற்றவர், வாங்கியவர், சொத்து விவரம், எண், தேதி அதில் வந்துவிடும்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது. சொத்து இரண்டு சார்பதிவக எல்லைகளில் கிடந்தால், பதிவு செய்த அலுவலகம் மற்ற அலுவலகத்துக்குக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்பது 64-ஆம் பிரிவு. வேறு மாவட்டத்திலும் சொத்து இருந்தால் பத்திரத்தின் நகலே அங்கே போகும், அது 65-ஆம் பிரிவு. மேலூர்ப் பக்கத்து ஒரு குடும்பத்துக்கு, சிவகங்கைச் சீமையிலும் கொஞ்சம் நிலம் இருந்த புண்ணியத்தில், இங்கே பொடிந்துபோன பாகப்பிரிவினை அங்கே முழுதாகக் கிடைத்தது. அந்த வீட்டுப் பெரியவர் அந்தப் புஞ்சையை "ஒண்ணுக்கும் உதவாத பொட்டல்" என்று திட்டிக்கொண்டே இருந்தவர்.

அதுவும் இல்லையென்றால் அலுவலகத்தைவிட்டு வெளியே தேடுங்கள். பாகம் பிரிந்த பங்காளிகள் வீட்டுப் பெட்டி, பழைய சிவில் வழக்கின் கட்டு, கடன் வாங்கிய நிலவள வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கம், கோயில் நிலமானால் தேவஸ்தான அலுவலகம். பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லை என்பீர்கள். பேசிவிடுங்கள், வக்கீல் செலவைவிட அது மலிவு.

நகல் கேட்க நான் சொத்துக்காரனாக இருக்க வேண்டுமா?

1 புத்தகத்துக்கு வேண்டியதில்லை. 57-ஆம் பிரிவுப்படி கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், யாரும் நகல் கேட்கலாம். உயில் இருக்கும் 3 புத்தகத்துக்கும், இதர ஆவணங்கள் இருக்கும் 4 புத்தகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

கணினியில் எனக்கு வில்லங்கம் 1975-லிருந்துதான் வந்தது. அதற்கு முன்?

அதற்கு முன் உள்ள காலத்துக்குக் கையால் தேடி எழுதும் வில்லங்கம்தான். சார்பதிவகத்தில் மனு போட வேண்டும். தேடுபவர் சொத்து அட்டவணையை வருடம் வருடமாகப் புரட்ட வேண்டும், அதனால் பழைய சர்வே எண், கிராமத்தின் பழைய பெயர், முடிந்தால் பதிவு வருடம் ஆகியவற்றைக் கொடுத்தால் வேலை நடக்கும். அட்டவணைப் பக்கம் சிதைந்திருந்தால் "இன்ன வருடத்துக்கு அட்டவணை இல்லை" என்று சான்றிலேயே எழுதச் சொல்லுங்கள். "வில்லங்கம் இல்லை" என்பதும் "பார்க்க முடியவில்லை" என்பதும் ஒன்றல்ல.

பட்டா, அ பதிவேடு (கிராமத்து நிலங்களின் கணக்குப் புத்தகம்) இவற்றுக்கும் இதே சட்டமா?

இல்லை. அது வருவாய்த்துறை, முழுக்க வேறு பாதை. அங்கே பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதி மாற்றுவதைவிட, புதிதாகக் கணக்கெடுத்துப் புதுப் பதிவேடு போடுவதுதான் வழக்கம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, சாப்டூர் மாதிரி ஜமீன் கிராமங்களுக்கு அதன் பிறகுதான் செட்டில்மென்ட், அதாவது நில உரிமையும் வரியும் முடிவு செய்யும் வேலை, நடந்து நிலப் பதிவேடு போட்டார்கள். இனாம் நிலங்களுக்கு 1963-ல் சட்டம். பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம். இன்று இணையத்தில் நீங்கள் பார்க்கும் பட்டாவின் அடிவேர் பெரும்பாலும் அந்த யு.டி.ஆர். பதிவேடுதான்.

தாசில்தார் அலுவலகத்தில் நான் எழுதும் மனுக்களில் நாலில் மூன்று "யு.டி.ஆர். பிழை" என்றே தொடங்கும். ஒருவர் பெயர் இன்னொருவர் பட்டாவில், கூட்டுப் பட்டா தனிப் பட்டாவாக, இப்படி. ஏக்கர் செண்டில் இருந்ததை ஹெக்டேர் ஏர்ஸுக்கு மாற்றியபோதும் கோளாறு. ஒரு ஏக்கர் என்பது 0.40.5, அதாவது 0 ஹெக்டேர் 40.5 ஏர்ஸ். அதையே 0.04.5 என்று எழுதினால் பதினோரு செண்ட்தான் மிஞ்சும். ஒரு சுழியம் இடம் மாறினால் போதும்.

இங்கேதான் பழைய பதிவேடு உயிர். யு.டி.ஆர். தவறு என்று காட்ட அதற்கு முந்தைய செட்டில்மென்ட் நிலப் பதிவேடு வேண்டும், எஸ்.எல்.ஆர். என்பார்கள். தாலுகா ஆவண அறையில் இல்லையென்றால் கலெக்டர் அலுவலக ஆவண அறை, அங்கும் இல்லையென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். புதுப் பதிவேடு வந்துவிட்டதே என்று பழையதை அலட்சியமாக மூலையில் போட்டால் பிழையை நிரூபிக்க வழியே இருக்காது. இந்த விஷயத்தில் வருவாய்த்துறை மேல் எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொன்று, 1980-ல் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியம் (கிராமத் தலைவர்) வேலைகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பரம்பரையாகக் கணக்கு எழுதிய வீடுகளில் அப்போது எல்லாமே ஒப்படைக்கப்பட்டதா என்றால், இல்லை. பழைய அடங்கல் (வருடாந்தரச் சாகுபடிக் கணக்கு) கட்டுகள் பரண்களில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் அரசு முத்திரையோடு நகல் தர அந்த வீட்டாருக்கு அதிகாரம் இல்லை.

பழைய பதிவேட்டில் புஞ்சை, புதியதில் நஞ்சை. நகலெடுத்ததில் தப்பா?

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் என்றால் அவசரப்பட வேண்டாம். 1895-ல் பெரியாறு அணை வந்து கால்வாய்த் தண்ணீர் பாய்ந்தபின் எத்தனையோ புஞ்சை நஞ்சையானது. மாற்றம் நிலத்தில்தான்.

பசலி 1360 என்று போட்டிருக்கிறது, அது எந்த வருடம்?

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு வருடம். 590-ஐக் கூட்டுங்கள். 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை.

என் ஊர் இப்போது தேனி மாவட்டம். பழைய ஆவணம் எங்கே?

ராமநாதபுரம் 1910-ல் தனி மாவட்டமானது, திண்டுக்கல் 1985-ல் பிரிந்தது, தேனி 1996-ல். வருவாய்ப் பதிவேடுகள் சில பிரிந்த ஊருக்குப் போயின, சில மதுரையிலேயே தங்கிவிட்டன. பத்திரத்துக்கு மாவட்டத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்துச் சீலில் எந்த சார்பதிவகம் என்று பாருங்கள். அந்தக் கிராமம் பிற்பாடு வேறு சார்பதிவகத்தில் சேர்ந்திருந்தாலும் அன்றைய தொகுதியை அங்கேயே முதலில் கேட்க வேண்டும்.

நகருக்குள் வீடு. பழைய பத்திரத்தில் சர்வே எண்ணே இல்லையே?

இருக்காது. வீதி, கதவு எண், நான்குமால், அவ்வளவுதான். கதவு எண்ணோ நகராட்சி மாற்ற மாற்ற மாறிக்கொண்டே வந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து உருவான வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் இது இன்னும் சிக்கல். நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டி.எஸ். எண்ணை (நகர சர்வே எண்) எடுத்து, பழைய நான்குமாலோடு பொருத்திப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பத்திரத்தின் நான்குமாலும் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது.

அசல் தொலைந்துவிட்டது. சான்றிட்ட நகல் மட்டும் போதுமா?

பதிவான வாசகம் இதுதான் என்று காட்டப் போதும். போலீஸில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும், பத்திரிகை விளம்பரமும் சேர்த்து வையுங்கள், வங்கி கேட்கும். கோர்ட்டில் ஒரு வித்தியாசம் உண்டு. 30 வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் முறையான இடத்திலிருந்து வந்தால் கையெழுத்தை உண்மை என்று கொள்ளலாம் என்ற சலுகை அசலுக்குத்தான். முன்பு சாட்சியச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 92. நகலுக்கு அந்தச் சலுகை தானாக வராது, அசல் எப்படிப் போனது என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

நோட்டரி கையெழுத்திட்ட ஜெராக்ஸ் சான்றிட்ட நகல் ஆகுமா?

ஆகாது.

வீட்டுப் பத்திரத்தை லேமினேட் செய்துவிட்டேன், நல்லதுதானே?

இல்லை, செய்யாதவர்கள் செய்யாதீர்கள். சூட்டில் பழைய காகிதம் இன்னும் நொறுங்கும், திரும்பப் பிரிக்க முடியாது, பின்னால் ஏதாவது குறிப்பு எழுத வேண்டியிருந்தாலும் வழியில்லை. காப்பகங்களில் மெல்லிய டிஷ்யூ தாளைப் பசையால் ஒட்டிப் பலப்படுத்துவார்கள், அதைத் தண்ணீரில் திரும்ப எடுத்துவிடலாம். வீட்டில் அவ்வளவு வேண்டாம். மடிப்பைப் பிரித்து, நீளமான உறையில் படுக்கையாக வைத்து, பீரோவில் சுவரை ஒட்டாத தட்டில் வையுங்கள். ரப்பர் பேண்ட், குண்டூசி, செலோடேப் மூன்றும் கூடாது. பூஜை அறையில் வைத்து மஞ்சள் குங்குமம் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். சாமிக்கு உறைமேல் தெளித்தால் போதும்.

எழுத்து மங்கிவிட்டது. அதே எழுத்தின்மேல் பேனாவால் எழுதிவிடலாமா?

தொடாதீர்கள். ஒரு அம்மா பேரனை விட்டு ஜெல் பேனாவால் அழகாக எழுத வைத்துக் கொண்டுவந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் பார்க்கிறவருக்கு அது திருத்திய பத்திரம். மங்கிய பத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, பின்பக்கத்துத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சார்பதிவகத்தில் ஒரு சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கும் கடைசியில் அதைத்தான் வாங்கிக் கொடுத்தோம். பேரன் பின்பக்கம் வரை போகவில்லை.